நான்கு அணுக்களின் கணக்கும் ஏரல் வெள்ளமும்

போன மாதம் என் பழைய துறையில் நடந்த ஒரு பயிலரங்குக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஆய்வுக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கணினி நிரலை முழுதாகத் தாங்களே எழுதுவது குறைந்துவிட்டது. என்ன கணக்கு வேண்டும் என்று கேட்டால் செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்துவிடுகிறது. சாயங்காலத்துக்குள் படம் வந்துவிடுகிறது. அவர்களில் ஒரு பெண் எழுந்து, "மேடம், ஒரு படத்த வெளிய விடுறதுக்கு நீங்க மாசக்கணக்கா பயந்துக்கிட்டே இருப்பியளாமே, அப்படி என்ன பயம்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதால் ஒப்புக்கு ஏதோ சொல்லி மேடையை விட்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பார்த்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. பாடம் நடத்தியது போக மீதி நேரமெல்லாம், மிகமிகக் குளிர்ந்த அணுக்களைப் பற்றிக் கணக்குப் போட்டேன். வாயு அணுக்களை லேசர் ஒளியால் குளிரவைத்து, இதற்குக் கீழே குளிரே இல்லை என்ற எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒளியாலேயே செய்த ஒரு பொறிக்குள் பிடித்து வைக்கிறார்கள். அதைச் செய்கிற ஆய்வுக்கூடங்கள் உலகத்தில் குறைவு. எங்களிடம் இருந்தது ஒரு கணினி அறை. சித்திரை மாதத்தில் மின்விசிறி போட்டால் மேலே இருக்கிற சூடும் கீழே இறங்கும். அங்கே உட்கார்ந்துகொண்டு உலகத்திலேயே குளிர்ந்த பொருளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தோம்.

கேள்வி ஒன்றுதான். இரண்டு, மூன்று, நான்கு அணுக்கள் மட்டும் உள்ள ஒரு சின்ன அமைப்பு எப்போது ஒழுங்காக இருக்கும், எப்போது ஒழுங்கு கெடும்? நம் கண்ணுக்குத் தெரிகிற உலகத்தில் ஒழுங்கின்மை என்றால், தொடக்கத்தில் மயிரிழை மாறினாலும் போகிற பாதை அடியோடு மாறிவிடும். அணுக்களின் குவாண்டம் உலகத்தில் பாதை என்று ஒன்றைப் பிடிக்க முடியாது. அதனால் ஆற்றல் மட்டங்களைப் பார்ப்போம். ஏணிப்படிகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக வரும் எண்கள் அவை. ஒழுங்கான அமைப்பில் ஒரு படி இன்னொரு படியைக் கண்டுகொள்ளாது. இரண்டு படிகள் ஒட்டிக்கொண்டும் வரும். ஒழுங்கு கெட்ட அமைப்பில் படிகள் ஒன்றையொன்று தள்ளும், ஒட்டவே ஒட்டாது. அடுத்தடுத்த படிகளின் இடைவெளிகளை எடுத்துப் பட்டைப்படம் வரைந்து, இடது ஓரத்துப் பட்டை உயரமா குட்டையா என்று பார்க்க வேண்டும். உயரமாக இருந்தால் ஒழுங்கு, குட்டையாக இருந்தால் ஒழுங்கின்மை. என் வேலைக்காலம் முழுக்க நான் பார்த்துப் பயந்தது அந்த இடது ஓரத்துப் பட்டையைத்தான்.

நாங்குநேரியிலிருந்து பஸ்ஸில் வந்து படித்ததும், எம்.எஸ்சி. முடித்ததும், ஒரு தனியார் கல்லூரியில் குறைந்த சம்பளத்துக்கு நின்றதும் எல்லோருக்கும் நடப்பவை. வேலையைக் கற்றது நெய்னா சாரிடம். காயல்பட்டினத்துக்காரர். என் ஆய்வு நெறியாளர். மெலிந்த உடம்பு, முழுக்கை வெள்ளைச் சட்டை, எப்போதும் தாழ்ந்த குரல். அவர் யாரையும் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் முன்னால் ஒரு முடிவைக் கொண்டுபோய் வைப்பதற்குள், கடைசிவரை, கதவு வரை போய் இரண்டு தடவையாவது திரும்பி வந்திருப்பேன்.

அவருக்கு ஒரு முறை இருந்தது. நான்கு அணுக்களின் படத்தைக் கொண்டுபோனால் அதைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, "ரெண்டு அணு என்ன சொல்லுது?" என்பார். இரண்டு அணுக்களுக்கு மட்டும் கணினி இல்லாமலே கையால் போடக்கூடிய சரியான விடை உண்டு. அந்த விடையோடு எங்கள் நிரலின் விடை எத்தனை இலக்கம் வரை ஒத்துப்போகிறது என்று நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு, பொறியைக் கண்ணாடியில் பார்த்தால் இடவலம் மாறித் தெரியுமா, அப்படியே தெரியுமா என்பார். அப்படியே தெரிந்தால் உள்ளே இரண்டு ஏணிகள் இருக்கின்றன என்று அர்த்தம். இரண்டையும் பிரிக்காமல் சேர்த்து எண்ணினால், ஒழுங்கு கெட்ட அமைப்பும் ஒழுங்கானதுபோல வேஷம் போடும். அதற்குப் பிறகு மூன்றாவது கேள்வி. கணக்கில் எத்தனை அலைவடிவங்களைச் சேர்த்தீர்கள், இன்னும் சேர்த்தால் மட்டங்கள் நகர்கின்றனவா? உண்மையில் முடிவில்லாத அலைவடிவங்கள் வேண்டும். கணினியில் கொஞ்சம்தான் கொள்ளும். அதிகம் சேர்க்கும்போது நகராமல் நிற்கிற மட்டங்களை மட்டுமே நம்பலாம். மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் படத்தைத் திருப்புவார்.

ஒருமுறை நான் கொண்டுபோன படம் பாடப்புத்தகத்தில் வருவதுபோல் அச்சாக இருந்தது. அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நமக்கு என்ன வரணும்னு ஒரு நிய்யத்து, ஒரு எண்ணம் இருக்கும்லாம்மா, அது நமக்குத் தெரியாமலே கணக்குக்குள்ள போய் உக்காந்துரும். இன்னொரு வழியா வந்து பாருங்க."

இன்னொரு வழியாக வந்து பார்ப்பதில் ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. மின்வெட்டு கடுமையாக இருந்த காலம் அது. நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு, மின்சாரம் போன ஒரு நொடியில் ஒன்றுமில்லாமல் போகும். பாதி ஓடியதைச் சேமித்து வைத்து அங்கிருந்து தொடர்கிற மாதிரி நிரலை மாற்றி எழுதினேன். விளக்கு ஒருமுறை மினுக்கினாலே கணினி அறைக்கு ஓடுவேன். கடைசியில் இரண்டாவது வழியிலும் அதே விடைதான் வந்தது. நாங்கள் அனுப்புவதற்குள் வேறொரு நாட்டுக் குழு அதே முடிவை வெளியிட்டுவிட்டது. எங்கள் கட்டுரையை வைத்து நான் எதிர்பார்த்திருந்த வேலை கைநழுவிப் போனது. சாரிடம் போய் அழுதேன். "அவங்களும் சரி, நாமளும் சரி. இதுல யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றார். எனக்குக் கெட்டுப்போனது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அதைத்தான் சொன்னார். அவர் செய்தது சரியா என்று இன்றுவரை என்னால் முடிவாகச் சொல்ல முடியவில்லை. வேறு வேலை கிடைக்க எனக்குச் சில வருஷங்கள் ஆயின. ஆனால் அவருடைய மூன்று கேள்விகளும் என் உடம்போடு ஒட்டிக்கொண்டன. அவர் காலமான பிறகு அவற்றைக் கேட்க வேண்டிய ஆள் நான் என்று ஆனது. அதுதான் அந்தப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கிற என் பயம்.

இனிச் சொல்லப்போவது பேச்சியின் கதை. என்னிடம் கடைசியாக ஆய்வு செய்த மாணவி பேச்சியம்மாள். ஏரல்காரி. அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்து வாழை போடுகிறவர். அம்மாவும் வயல் வேலைக்குப் போவார். அந்த வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் அவள். வேகமான புத்தி. நான் இரண்டு தடவை யோசித்துச் சொல்வதை அவள் சொல்லிவிட்டு அப்புறம் யோசிப்பாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அவள் எடுத்துக்கொண்டது நான்கு ஒரே மாதிரி அணுக்கள். குழாய்போல ஒடுங்கிய, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்த ஒரு பொறி. அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும் வலிமையைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன நடக்கும்? தள்ளுதல் மிகக் குறைவாக இருந்தால் அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளாது, ஒழுங்கு. தள்ளுதல் மிக அதிகமானால் ஒன்றையொன்று கடக்கவே முடியாது. திருச்செந்தூரில் தர்ம தரிசன வரிசையில் கம்பிக்குள் நிற்கிறவர்கள் போல முன்பின் மாறாமல் அப்படியே நிற்கும், அதுவும் ஒழுங்குதான். இரண்டுக்கும் நடுவில் ஒழுங்கு கெடும். இதுவரை பலரும் எதிர்பார்த்ததே. பேச்சிக்கு வந்த விடை வேறு. ஒழுங்கு திரும்பியிருக்க வேண்டிய வலுவான பக்கத்திலும் ஒழுங்கின்மை நீடிப்பதாக அவள் படம் காட்டியது. இடது ஓரத்துப் பட்டை அங்கேயும் குட்டையாகவே இருந்தது.

நான் மூன்று கேள்விகளையும் கேட்டேன். இரண்டு அணு ஒத்துப்போனது. பொறி சாய்ந்தது என்பதால் கண்ணாடிப் பிரச்சினை இல்லை. அலைவடிவங்களைக் கூட்டிப் பார்த்தோம். மட்டங்கள் கொஞ்சம் நகர்ந்தன. இன்னும் கூட்டினோம். அதைவிடக் கொஞ்சமாக நகர்ந்தன. எங்கள் கணினியின் கொள்ளளவு அத்தோடு முடிந்தது. நகர்வு குறைந்துகொண்டே வருகிறது, நின்றுவிடும் என்று இருவரும் ஏற்றுக்கொண்டோம். கட்டுரை வெளிவந்தது. ஜெர்மனியில் இந்த அணுக்களை உண்மையிலேயே பிடித்து வைத்திருக்கிற ஒரு குழு அதைப் படித்துவிட்டு எழுதியது. பேச்சி சொல்கிற அந்த வலுவான பக்கத்திலேயே தங்கள் கருவியை அமைத்து அளந்து பார்க்கப்போவதாகவும், ஆய்வேடு முடிந்ததும் அவள் அங்கே வந்து சேரலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த மின்னஞ்சலைப் பேச்சி தன் அம்மாவுக்குத் தமிழில் படித்துக்காட்டினாளாம். அவர் கடைசியில் கேட்டது, அங்கே சோறு கிடைக்குமா என்பதுதான்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்தோம். புறத் தேர்வாளர்களில் ஒருவர் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு ஒரு கேள்வி வைத்திருந்தார். வலுவான பக்கத்தில், இன்னும் நிறைய அலைவடிவங்களைச் சேர்த்தாலும் இந்த முடிவு நிற்குமா? நான் அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். அந்தக் குரலை எனக்குத் தெரியும், நெய்னா சாருடைய மூன்றாவது கேள்வி அது. பேச்சி அசரவில்லை. துறைக்கு அப்போதுதான் புதிதாக ஒரு பெரிய கணினி வந்திருந்தது. முன்பு செய்ததைவிடப் பல மடங்கு பெரிய கணக்கை அதில் ஏற்றி ஓடவிட்டாள். "ஊருக்குப் போயிட்டு திங்கக்கிழமை வாரேன் மேடம். வந்து பாப்போம்" என்று சொல்லிவிட்டு ஏரல் பஸ் ஏறினாள். மார்கழி பிறக்கிற நேரம்.

அன்று தொடங்கிய மழை விடவேயில்லை. எங்கள் பகுதியில் அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. தாமிரபரணி கரையை விட்டு வெளியே வந்து, கொக்கிரகுளம் பக்கமெல்லாம் தெருவும் ஆறும் ஒன்றாகிவிட்டது. குளங்கள் உடைந்தன. எங்கள் வீட்டு வாசற்படி வரை தண்ணீர் வந்து நின்றது. ஆனால் நாங்கள் மேட்டில் இருப்பவர்கள். கீழே, ஸ்ரீவைகுண்டமும் ஏரலும்தான் அடிவாங்கின. ஏரல் பாலம் சேதமாகி, போகிற வழியெல்லாம் அறுந்துபோனதாகச் செய்தி வந்தது. பேச்சியின் போன் அணைந்திருந்தது. அவள் அப்பாவுடையதும் அப்படித்தான். ஜனங்கள் மொட்டை மாடிகளில் நிற்பதையும், ஹெலிகாப்டரிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் போடுவதையும் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்தேன். பேச்சியின் வீட்டுக்கு மொட்டை மாடி இல்லை, ஓட்டு வீடு என்பது எனக்குத் தெரியும்.

தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் கல்லூரிக்குப் போனேன். வீட்டில் உட்கார முடியவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. மின்சாரம் வந்திருந்தது. பேச்சி ஏற்றிவிட்டுப் போன கணக்கு, மின்சாரம் போவதற்கு முன்பே ஓடி முடிந்திருந்தது. படத்தைத் திறக்கவில்லை. இரண்டு அணுக்களில் தொடங்கினேன். ஒத்துப்போனது. மூன்று அணுக்களுக்குப் பழைய விடையையும் புதிய விடையையும் ஒப்பிட்டேன். பெரிய மாற்றம் இல்லை. பிறகு நான்கு அணுக்களின் பழைய மட்டங்களையும் புதிய மட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டே போனேன். அடியில் இருப்பவை அசையவில்லை. மேலே போகப்போக எல்லாம் இறங்கியிருந்தன. எல்லாமே ஒரே திசையில். நாங்கள் நின்றுவிட்டது என்று நினைத்த நகர்வு நிற்கவேயில்லை. மிக மெதுவாக, விடாமல், நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. கடைசியாகப் படத்தைத் திறந்தேன். வலுவான பக்கத்தில் இடது ஓரத்துப் பட்டை உயர்ந்து நின்றது.

அதாவது அங்கே ஒழுங்கின்மை இல்லை. அலைவடிவங்கள் போதாமல் போனதால், குறைக்கணக்கே மட்டங்களைக் கலைத்து ஒழுங்கின்மைபோல் காட்டியிருக்கிறது. நடுப்பகுதியில் பேச்சி சொன்னது சரி. ஆனால் எல்லோரும் வியந்த அந்தப் புதுச் செய்தி, ஜெர்மனியில் கருவியை அமைக்கப்போகிற அந்தத் தள்ளுதல் வலிமையின் எண், அதுதான் தப்பு.

ஜெர்மனிக் குழு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் பொறியை அந்த எண்ணுக்கு ஏற்றபடி அமைத்துப் பூட்டப்போவதாக எழுதியிருந்தார்கள். விடுமுறை முடிந்ததும் அளக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் மாற்றுவது லேசில்லை. அதற்குள் சொல்லியாக வேண்டும். ஆனால் இது பேச்சியின் வேலை. கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. அவளைக் கேட்காமல் நான் எப்படி எழுதுவது? எழுதினால் அவளுக்கு வந்த இடம் போய்விடலாம். மறுபடியும் போனைப் போட்டேன். போன் அணைந்திருக்கிறது என்று பதிவுக் குரல்தான் மறுபடியும் சொன்னது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பொறுமையாகக் கேட்டார்.

"கோமதி, நீ இப்போ ஒண்ணும் எழுதாத. பிள்ள வரட்டும். வந்து அவ சொல்லட்டும்."

"வரலைன்னா?"

கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே உறைத்தது.

மறுநாள் புதிய பஸ் நிலையத்துக்குப் போய் விசாரித்தேன். அந்தப் பக்கம் போன பஸ் எதுவும் ஊர் வரை போகவில்லை. ஏரல் பக்கத்திலிருந்து எப்படியோ நடந்தும் லாரியிலும் வந்த ஒரு வியாபாரி, கையில் ஒரு பையோடு பெஞ்சில் சாய்ந்திருந்தார். பேச்சியின் தெருவைச் சொல்லிக் கேட்டேன். "அங்கன எல்லாம் ஆத்துத் தண்ணி புகுந்துட்டும்மா. ஓட்டு வீடெல்லாம் ரொம்ப நிக்கல. ஆளுக எங்க போனாங்கன்னு யாருக்குத் தெரியும்" என்றார். அவருக்கும் வீடு போயிருந்தது.

அங்கிருந்து நேரே கல்லூரிக்குப் போய் மின்னஞ்சலை எழுதினேன். வலுவான பக்கத்தைப் பற்றிய எங்கள் முடிவு தவறு, பெரிய கணக்கில் அது நிற்கவில்லை, தயவுசெய்து அந்த எண்ணில் கருவியை அமைக்க வேண்டாம், நடுப்பகுதியை நம்பலாம், அதையும் வேறொரு வழியில் சரிபார்த்துவிட்டுச் சொல்கிறோம். ஆய்வு முழுவதும் பேச்சியம்மாளுடையது என்றும், அவர் வெள்ளப் பகுதியில் இருப்பதால் தொடர்புகொள்ள முடியவில்லை என்றும் ஒரு வரி சேர்த்தேன். பேச்சிக்கும் ஒரு நகல் போட்டேன். அனுப்பிய பிறகு, அந்த நகல் யார் கண்ணிலும் படாமல் போகலாம் என்ற நினைப்பு வந்தது. கணினியை அணைக்காமலே எழுந்து வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

பேச்சி வந்தாள். தண்ணீர் வடிந்த பிறகு, டிராக்டரில் பாதி தூரமும் பஸ்ஸில் பாதி தூரமுமாக, தங்கியிருந்த அறைக்குக்கூடப் போகாமல் நேரே துறைக்கு வந்தாள். யாருடையதோ ஒரு சேலை. காலில் செருப்பு இல்லை. பக்கத்தில் ஒரு மாடி வீட்டுக்காரர்கள் தெருவிலிருந்த எல்லோரையும் ஏற்றிக்கொண்டார்களாம். அம்மா, அப்பா பத்திரம். வீடு போய்விட்டது, குலை தள்ளியிருந்த வாழையும் போய்விட்டது. நான் எழுந்துபோய் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். முகாம் போட்டிருந்த கல்யாண மண்டபத்தில் போனுக்கு உயிர் வந்ததும் அவள் முதலில் பார்த்தது என் மின்னஞ்சலைத்தான்.

"என்னைய ஒரு வார்த்த கேக்காம எழுதிட்டியளே மேடம்."

"உன்னப் பிடிக்க முடியலியே பேச்சி. அவங்க பூட்டிருவாங்கன்னு..."

"நான் செத்துப் போயிட்டேன்னு முடிவு பண்ணிட்டியளா?"

சத்தமாகச் சொல்லவில்லை. கண்ணை மட்டும் என்மேலிருந்து எடுக்கவில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவள் கணினி முன் உட்கார்ந்து, "காட்டுங்க" என்றாள்.

பழைய மட்டங்களையும் புதிய மட்டங்களையும் அவளே வரிசையாகப் பார்த்தாள். நான் போன வழியிலேயே, கீழேயிருந்து மேலே. கடைசியில் கன்னத்தில் கைவைத்தபடி, "இறங்குது. எல்லாம் இறங்கிக்கிட்டே இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு அவ்வளவுதான் பேசினோம்.

அடுத்து வந்த மாதங்கள் லேசானவை அல்ல. ஜெர்மனியிலிருந்து சுருக்கமான பதில் வந்தது. நன்றி, நிறுத்திவைத்திருக்கிறோம், அந்த நேரத்தை வேறொரு வேலைக்குக் கொடுத்துவிட்டோம். பேச்சி வந்து சேர்வதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்கவும் எங்களுக்குத் தைரியம் வரவில்லை. ஆய்வேட்டைத் திரும்ப வாங்கி ஓர் அத்தியாயம் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. எனக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் திருத்தம் போய்ச் சேராவிட்டால் அவள் வேறொரு நெறியாளரிடம் போக வேண்டும். இந்த வேலை தெரிந்தவர் எங்கள் துறையில் வேறு யாரும் இல்லை. அவள் பகலில் இங்கே வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போய் அப்பாவோடு சேர்ந்து வீடு இருந்த இடத்தில் படிந்த வண்டலை அள்ளினாள். நகக்கண்ணில் மண் போகவேயில்லை. என்னோடு வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசினாள்.

இன்னொரு வழியை அவள்தான் கண்டுபிடித்தாள். இதுவரை நாங்கள் தள்ளுதலே இல்லாத இடத்தில் தொடங்கி, கூட்டிக்கொண்டே வந்தோம். அவள் எதிர் முனையிலிருந்து தொடங்கினாள். அணுக்கள் கடக்கவே முடியாத அளவுக்குத் தள்ளும் இடத்தில் சரியான விடை தெரியும். அங்கிருந்து தள்ளுதலைப் பையத் தளர்த்திக்கொண்டே வந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து வரும்போது கொஞ்சம் அலைவடிவங்களே போதுமானதாக இருந்தன. இரண்டு கணக்கும் வலுவான பக்கத்தில் சந்தித்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போனதைப் பார்த்தபோது அவள் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினாள். நான் பக்கத்தில் போகவில்லை. நடுப்பகுதி நின்றது. வலுவான பக்கத்தில் ஒழுங்கு திரும்பியது. இரண்டுக்கும் இடையே ஒரு குறுகிய பகுதியில் மட்டும் இரண்டு கணக்குமே உறுதியாக எதையும் சொல்லவில்லை.

பங்குனிக்குள் ஆய்வேடு போய்விட்டது. வாய்மொழித் தேர்வில் பேச்சி முதலில் பழைய படத்தைப் போட்டாள். இது நாங்கள் வெளியிட்டது, இது தவறு, ஏன் தவறு என்றால் இதோ என்று அடுத்த படத்தைப் போட்டாள். அவளுடைய அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்ட தேர்வாளரே வந்திருந்தார். இடைப்பட்ட அந்தக் குறுகிய பகுதியில் என்ன நடக்கிறது என்று கேட்டார். பேச்சி, "தெரியவில்லை சார். இப்போது எங்களிடம் உள்ளதை வைத்து அதைச் சொல்ல முடியாது" என்றாள். அவர் தலையசைத்து, ஏதோ குறித்துக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போனார். அவர் என்ன குறித்தார் என்று தெரியாமல் நான் முடியும் வரை தவித்துக்கொண்டிருந்தேன். நல்லபடியாகவே முடிந்தது.

ஜெர்மனிக்காரர்கள் அதன் பிறகுதான் எழுதினார்கள். நடுப்பகுதியில் அளக்கலாம், அந்தத் தெரியாத பகுதியையும் தொட்டுப் பார்க்கலாம், பேச்சி வரட்டும். முதலில் சொன்ன காலத்தைவிட மிகத் தாமதம், முதலில் சொன்ன காலஅளவைவிடக் குறைவு. ஆனால் வரச் சொன்னார்கள்.

வழியனுப்பத் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போயிருந்தேன். அவள் அப்பா பெட்டியை ஏற்றிவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார். அம்மா உள்ளே போய் இருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கி, ஜன்னலோரம் நின்றார். பேச்சியும் நானும் பெட்டியின் வாசலில் நின்றோம். நான் இப்போது சொல்லவில்லை என்றால் எப்போதும் சொல்லப்போவதில்லை என்று தோன்றியது.

"அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. நீ போயிட்டேன்னுதான் நெனச்சேன். உன் பேரு ஒரு தப்பான எண்ணுமேல அப்படியே நின்னுரக் கூடாதுன்னு எழுதினேன். அவங்க கருவிக்காக எழுதல."

பேச்சி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாடியில உக்காந்து நானும் அதத்தான் நெனச்சேன் மேடம். அந்தத் தேர்வாளர் கேட்டது திரும்பத் திரும்ப வந்துச்சு. ஒருவேள தப்பா இருந்து, நானும் இல்லாமப் போயிட்டா, நீங்க எழுதிருவியளான்னு. எழுதணும்னு வேண்டிக்கிட்டேன்."

"அப்புறம் ஏன் என்மேல அவ்வளவு கோவம்?"

"உயிரோட வந்துட்டேம்லா" என்றாள். "வந்துட்டா அப்புறம் எல்லாம் வேணும்னு இருக்கு மேடம்."

அவள் அப்பா பாட்டிலோடு ஓடி வந்தார். வண்டி ஊதியது. அவள் ஏறிக்கொண்டாள்.